குளிர்ந்த நீர் சிகிச்சையும் தீராத உடல்நலிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்குன்குனியா காய்ச்சல் விட்ட பிறகும் ஏழு மாதங்கள் மூட்டு வலியும் அசதியும் என்னை விடவில்லை. அந்தக் காலத்தில் ஓர் இயற்கை மருத்துவரின் மேற்பார்வையில் குளிர்ந்த நீர் சிகிச்சையை எடுத்துக்கொண்டேன். அதைக் கேள்விப்பட்ட உறவினர்கள், அலுவலக நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து ஏறத்தாழ ஒரே ஐயங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, படித்ததையும் பட்டறிந்ததையும் கொண்டு விடை எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குளிர்ந்த நீர் சிகிச்சைன்னா என்ன? பச்சைத் தண்ணியில குளிக்கிறதுதானே?

பச்சைத் தண்ணீர்க் குளியலில் நீரின் வெப்பத்தையோ நேரத்தையோ யாரும் கணக்கிடுவதில்லை. சிகிச்சையில் மூன்று கணக்குகள் உண்டு: நீர் எத்தனை டிகிரி, உடலின் எந்தப் பகுதியில் படுகிறது, எத்தனை வினாடி படுகிறது. கால் குளியல், கைக் குளியல், இடுப்புக் குளியல், முதுகுத்தண்டுக் குளியல், வயிற்றில் கட்டும் ஈரத்துணிப் பட்டி ஆகிய யாவும் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டவைதாம்.

குளிர்ந்த நீர் பட்டவுடன் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்தம் உள்ளே ஒதுங்குகிறது. நீரை விட்டு வெளியே வந்து, துணி உடுத்தி, நடக்கத் தொடங்கியதும் அந்தக் குழாய்கள் மீண்டும் விரிந்து, தோல் சிவந்து, இதமான சூடு பரவுகிறது. இந்த இரண்டாம் பாதிக்காகத்தான் முதல் பாதியே செய்யப்படுகிறது. கீழே பல இடங்களில் 'சூடு திரும்புதல்' என்று நான் சொல்வது இதைத்தான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் கொள்ள வேண்டுமென்றால் இதைக் கொள்ளுங்கள்.

நம்ம ஊர்த் தண்ணி குளிர்ச்சியாவே இல்லையே, அப்புறம் எப்படி வேலை செய்யும்?

நியாயமான கேள்வி. மே மாதப் பிற்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் நீரில் கை வைக்க முடிவதில்லை. நீர் சிகிச்சை நூல்கள் ஏறத்தாழ 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை உள்ள நீரைக் குளிர்ந்த நீர் என்றும், 18 முதல் 27 வரை உள்ளதைத் தண்ணென்ற நீர் என்றும், 33 முதல் 36 வரை உள்ளதை நடுநிலை நீர் என்றும் வகுக்கின்றன. நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 33 டிகிரி. ஆகவே 25 டிகிரி நீரே தோலிலிருந்து சூட்டை எடுக்கத் தொடங்கிவிடும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தக்கூடியது.

நோயால் நலிந்தவருக்குத் தொடக்கத்தில் இந்த 25 டிகிரியே போதும். மண்பானையில் இரவு முழுவதும் வைத்த நீர் அல்லது விடியற்காலைக் கிணற்று நீர் பெரும்பாலும் சரியாக அமைந்துவிடுகிறது. நீரில் வைத்து அளக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கையால் தொட்டுப் பார்த்துச் சொன்ன என் கணிப்பு, அளந்து பார்த்த முதல் நாளே ஐந்து டிகிரி பிசகியது.

இதை யாரு கண்டுபிடிச்சாங்க? நம்ம சித்த வைத்தியம்தானே?

இல்லை. இன்று இயற்கை மருத்துவமனைகளில் நடைபெறும் குளிர்ந்த நீர் சிகிச்சை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலிருந்து வந்தது. இன்றைய செக் நாட்டில் உள்ள கிராஃபென்பெர்க் என்னும் மலையூரில் உழவர் மகனாகப் பிறந்த வின்சென்ட் பிரீஸ்நிட்ஸ், வண்டி ஏறி முறிந்த தன் விலா எலும்புக்கு ஈரத்துணி சுற்றித் தொடங்கியவர். அவருக்குப் பின், பவேரியாவின் கத்தோலிக்கப் பாதிரியார் செபாஸ்டியன் க்னைப் 1855-இல் வோரிஸ்ஹோஃபென் என்ற சிற்றூருக்கு வந்து அங்கே இந்த முறையை வளர்த்தார். லைப்சிக் நகரின் லூயிஸ் கூனே இடுப்புக் குளியலைப் பரப்பினார். கூனேயின் முறை காந்தியடிகள் வழியாகவும் இந்தியாவில் அறியப்பட்டது.

சித்த மருத்துவம் நமக்குக் கொடுத்த குளியல் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் முழுகுவது. அதன் நோக்கமும் வேறு, முறையும் வேறு. இரண்டையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம் என்றே என் மருத்துவர் சொன்னார்.

அந்தப் பாதிரியாருக்குக் காசநோயே தண்ணியில சரியாச்சுன்னு சொல்றாங்களே, அப்போ மாத்திரை எதுக்கு?

க்னைப் 1821-இல் நெசவாளர் வீட்டில் பிறந்தவர். மாணவராக இருந்தபோது நுரையீரல் நோயால் இருமி இளைத்து, மருத்துவர்களால் கைவிடப்பட்ட நிலையில், நூறாண்டுக்கு முந்தைய நீர் சிகிச்சை நூல் ஒன்றைப் படித்துவிட்டு 1849-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தில்லிங்கன் ஊரருகே டான்யூப் ஆற்றில் சில வினாடிகள் முழுகி எழுந்து, ஓடியே வீடு திரும்பினார். வாரத்தில் இரண்டு மூன்று முறை இதைச் செய்து தேறினார் என்பது வரலாறு. அவருக்கு இருந்தது காசநோய்தான் என்று வைத்துக்கொண்டாலும், அக்கிருமி கண்டறியப்பட்டதே 1882-இல்தான். அதற்கு முன் சொல்லப்பட்ட நோய்ப்பெயரைச் சோதித்துப் பார்க்க இன்று வழியில்லை. காசநோய் சிலருக்குத் தானாகவே அடங்குவதும் உண்டு. அப்படி அடங்காதவர்கள் நூல் எழுத மிஞ்சவில்லை.

இதற்கு நம் சென்னையிலேயே தெளிவான விடை கிடைத்திருக்கிறது. 1956-இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தில், நோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், ஓய்வும் நல்ல உணவும் கொடுத்து வைத்திருந்தார்கள். மறுபாதியினரை நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருக்கவிட்டார்கள். இரு சாராருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகள் ஓராண்டு கொடுக்கப்பட்டன. 1959-இல் வெளியான முடிவுகளின்படி, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தனர். நோயைத் தீர்த்தது மருந்து. காற்றும் ஓய்வும் சூழலும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. காசநோய்க்கு அரசு இலவசமாகத் தரும் மருந்தை முழுக் காலமும் உட்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாகத் தண்ணீர் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு டெங்கு வந்து மூணு மாசம் ஆச்சு, இன்னும் அசதி போகல. இதைச் செய்யலாமா?

முதலில், அந்த அசதிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12 குறைவு, மறைந்திருக்கும் காசநோய் ஆகிய எல்லாமே காய்ச்சலுக்குப் பின் வரும் அசதி போலவே தோற்றமளிக்கும். இவற்றுக்கெல்லாம் சாதாரண இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் பெரும்பாலும் வழிகாட்டிவிடும். என்னை அழைத்தவர்களுள் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 7 என்று தெரிய வந்தது. அவருக்குத் தேவைப்பட்டது இரும்புச் சத்து.

சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும் சோர்வு நீடிக்கிறதென்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்து பார்க்கலாம். என்ன எதிர்பார்க்கலாம் என்றால், சில மணி நேரம் நிற்கும் தெளிவு, சற்று நல்ல தூக்கம், வலியின் கூர்மை குறைதல் ஆகியவற்றை. 14 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் அமர்ந்த உடல்நலமுள்ள இளைஞர்களின் இரத்தத்தில், விழிப்போடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய வேதிப்பொருட்களான நார்அட்ரினலின் 530 விழுக்காடும் டோபமின் 250 விழுக்காடும் உயர்ந்ததாக 2000-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. குளிர்ந்த நீருக்குப் பின் மனம் விழித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். நலிந்தவர் ஒரு மணி நேரம் குளிர்நீரில் உட்கார வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. இந்த ஆய்வை எடுத்துக்காட்டும் பலர் அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அப்போ எதிர்ப்பு சக்தி கூடும்ங்கிறது பொய்யா?

பொய் என்று சொல்ல மாட்டேன்; மிகைப்படுத்தப்பட்டது என்பேன். நெதர்லாந்தில் 3018 பேரைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான வெந்நீர்க் குளியலின் முடிவில் 30, 60 அல்லது 90 வினாடிகள் குளிர்ந்த நீரில் நிற்கும்படி 30 நாட்கள் செய்யச் சொன்னார்கள். அவ்வாறு செய்தவர்கள் நோயைக் காட்டி எடுத்த விடுப்பு, செய்யாதவர்களைவிட 29 விழுக்காடு குறைந்தது. ஆனால் உடல்நலமின்றி இருந்த நாட்களின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. அதாவது, அவர்களுக்கும் அதே அளவுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தன. வந்தும் வேலைக்குப் போக முடிந்தது.

நீடித்த நோயில் கிடப்பவருக்கு அதுவும் சிறிய பலன் இல்லை. ஆனால் அந்த ஆய்வில் பங்குகொண்டவர்கள் பெரிய நோய் எதுவும் இல்லாதவர்கள் என்பதால், அதை அப்படியே நம்மீது ஏற்றிக்கொள்ளக் கூடாது.

எங்கேருந்து ஆரம்பிக்கணும்? நேரா தலையில ஊத்திடலாமா?

கூடாது. காலில் தொடங்க வேண்டும். க்னைப் வகுத்த ஒழுங்கு, இதயத்துக்குத் தொலைவான இடத்திலிருந்து அருகே வருவது. வலது காலின் சுண்டு விரலில் தொடங்கி, காலின் வெளிப்புறமாக முழங்காலின் பின்பக்கம் வரை மெல்ல நீர் வார்த்துச் சென்று, சில வினாடிகள் அங்கே நிறுத்தி, உட்புறமாகக் கீழே இறங்கி வர வேண்டும்; பிறகு இடது கால். குழாயில் மாட்டிய ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் ரப்பர் குழாயில் வரும் மென்மையான நீரே இதற்கு ஏற்றது. நீர் பீய்ச்சி அடிக்காமல், காலைப் போர்த்திக்கொண்டு வழிய வேண்டும். குழாய் இல்லாதவர்கள் சொம்பில் எடுத்து ஊற்றலாம். நான் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் செய்தேன்.

செய்வதற்கு முன் கால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சில்லிட்ட காலில் குளிர்ந்த நீரை ஊற்றுவது இந்த முறையில் செய்யவே கூடாத தவறு. கால் சில்லிட்டிருந்தால் பத்து நிமிடம் நடந்தோ வெந்நீரில் வைத்தோ சூடாக்கிக்கொண்டு தொடங்க வேண்டும். முடித்த பின் துண்டால் தேய்க்காமல் நீரைக் கையால் வழித்துவிட்டு, பருத்தி உடையோ காலுறையோ அணிந்து, வீட்டுக்குள்ளேயே சில நிமிடங்கள் நடக்க வேண்டும். உண்டவுடன் செய்யக் கூடாது; சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

ஒரு வாரம் கால் மட்டும். சூடு ஒழுங்காகத் திரும்புகிறதென்றால், அடுத்த வாரம் கைகளை முழங்கைக்கு மேல் வரை நீரில் அரை நிமிடம் அமிழ்த்தலாம். மூன்றாம் வாரத்தில் தொடை வரை நீர் வார்க்கலாம். முதுகும் மார்பும் அதற்குப் பிறகுதான். தலையில் குளிர்ந்த நீரை ஊற்றும் கட்டத்துக்கு நான் போகவே இல்லை. அதனால் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம்? அதிக நேரம் இருந்தா அதிகப் பலன்தானே?

மேலே சொன்ன நெதர்லாந்து ஆய்விலேயே இதற்கு விடை இருக்கிறது: 30 வினாடி நின்றவர்களுக்கும் 90 வினாடி நின்றவர்களுக்கும் பலனில் வேறுபாடு தெரியவில்லை. க்னைப்பும் தன் முதுமையில் நோயாளிகளுக்குக் கொடுத்த சிகிச்சையைத் தன் இளமை முழுக்கைவிட மிகவும் மென்மையாக்கிக்கொண்டே வந்தார். காலுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். குளிர் வலியாக மாறும் அந்தக் கணத்தில் அளவு முடிந்துவிட்டது.

செஞ்ச அப்புறம் உடம்பு சூடே வரல, அரை மணி நேரமா நடுங்குது. என்ன அர்த்தம்?

கொடுத்த அளவு உங்களுக்கு மிகுதி என்று அர்த்தம். ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் தோலில் சூடு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், மறுநாள் நீரின் வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி கூட்டுங்கள், அல்லது நேரத்தைப் பாதியாக்குங்கள். அப்படியும் வரவில்லையென்றால் உங்கள் உடல் இப்போதைக்கு இதற்கு ஆயத்தமாக இல்லை.

பெரிய தொட்டியில் முழுகி எழுந்தவர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. வெளியே வந்த பிறகும், குளிர்ந்த கை கால்களுக்கும் உடலின் நடுப்பகுதிக்கும் இடையே சூடு பரிமாறப்படுவதால், உள்வெப்பம் மேலும் சில நிமிடங்கள் இறங்கிக்கொண்டே போகும். நீரில் இருந்தபோது நன்றாக இருந்தவர் வெளியே வந்து பத்து நிமிடம் கழித்து வெலவெலத்துப் போவது இதனால்தான். உடனே உலர்ந்த ஆடை, போர்வை, வெதுவெதுப்பான பானம் ஆகியவை தேவை. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போய் நிற்கக் கூடாது. தோலின் குழாய்கள் திடீரென விரிந்து இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம்.

மூட்டு வலிக்கு ஜில்லுன்னு வைக்கிறதா, சூடா வைக்கிறதா?

மூட்டு வீங்கி, சிவந்து, தொட்டால் சுடுகிறதென்றால் குளிர் ஒத்தடம் வீக்கத்தையும் வலியையும் தணிக்கும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாத விறைப்புதான் தொல்லை என்றால், பெரும்பாலோருக்கு வெந்நீரே ஒத்துக்கொள்கிறது. சிக்குன்குனியா வந்தவர்களுக்கு இரண்டுமே ஒரே நாளில் இருக்கக்கூடும். காலையில் கைக்கு வெந்நீர், மாலையில் முழங்காலுக்குக் குளிர்ந்த நீர் என்பதே என் வழக்கமாக இருந்தது. அக்காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்குக் குளிரில் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, மரத்துப் போகும் தொல்லை ஏற்படுகிறது. அப்படிப்பட்டவர்கள் கையைக் குளிர்ந்த நீரில் வைக்கவே கூடாது.

இடுப்புக் குளியல் கட்டாயமா? அந்த டப்பை எங்கே வாங்குறது?

கட்டாயமில்லை. சாய்ந்து அமர்ந்து, தொப்புள் வரை நீரும் கால்கள் தொட்டிக்கு வெளியேயும் இருக்கும்படி செய்வது இடுப்புக் குளியல். 10 முதல் 18 டிகிரி நீரில் 10 முதல் 20 நிமிடங்கள் வரை அமரச் சொல்வார்கள். மலச்சிக்கலுக்கும் வயிற்று மந்தத்துக்கும் அதிகம் கொடுக்கப்படுகிறது. சிறுநீர்ப்பாதை அழற்சி உள்ளவர்களும், மாதவிலக்கு நாட்களில் பெண்களும் தவிர்க்க வேண்டும் என்பது விதி.

தொட்டியை வாங்கும் முன் ஓர் இயற்கை மருத்துவமனையில் செய்து பாருங்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இத்துறையில் பட்டம் பெறுபவர்கள் நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்தவர்கள். நான்கு நாள் முகாம் நடத்திவிட்டுத் தங்களை மருத்துவர் என்று சொல்லிக்கொள்பவர்களிடமிருந்து இவர்களைப் பிரித்தறிய அந்தப் பட்டத்தைக் கேட்டுப் பார்ப்பதே எளிய வழி.

காய்ச்சல் இருக்கும்போதே செய்யலாமா? காந்தி தன் பையனுக்குச் செஞ்சாரே?

செய்தார். 1902-இல் பம்பாயில் பத்து வயது மணிலாலுக்கு டைபாய்டு கண்டபோது, கூனே முறையில் இடுப்புக் குளியலும் ஈரத்துணிப் போர்வையும் கொடுத்தார், பையன் பிழைத்தான். குணமானது கடவுள் அருளாலா, நீராலா, உணவாலா, பணிவிடையாலா என்று யாரால் சொல்ல முடியும் என அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அன்று டைபாய்டுக்கு மருந்தே இல்லை. இன்று இருக்கிறது.

காய்ச்சலில் உடல் தானே தன் வெப்ப அளவை உயர்த்தி வைத்திருக்கிறது. அப்போது குளிர்ந்த நீர் பட்டால் நடுக்கம் எடுத்து மேலும் சூட்டை உண்டாக்க முயலும். ஆகவே காய்ச்சல் அடியோடு நின்று குறைந்தது இரண்டு வாரமாவது ஆகட்டும். ஒரே விலக்கு, வெயில் தாக்கி நினைவிழந்த நிலை: அங்கே உடலின் வெப்பக் கட்டுப்பாடே அறுந்துவிட்டது; ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்ந்த நீரில் நனைத்து விசிறுவது உயிரைக் காக்கும்.

சளி பிடிச்சுக்காதா? எங்க அம்மா வெந்நீரைத் தவிர தொடவே விடமாட்டாங்க.

சளியைத் தருவது வைரஸ். நீரின் குளிர்ச்சி அதை உண்டாக்குவதில்லை. ஆனால் உங்கள் அம்மா சொல்வதில் ஒரு பாதி சரி. அம்மை அல்லது காய்ச்சல் விட்டவருக்கு நாள் பார்த்து, வேப்பிலை போட்ட நீரை வெயிலில் வைத்துத் தலைக்கு ஊற்றும் வழக்கத்தில், மெலிந்த உடலைத் திடீரென்று குளிர்விக்கக் கூடாது என்ற பட்டறிவு இருக்கிறது. காலில் மட்டும் ஒரு நிமிடம், பிறகு சூடு திரும்பும் வரை நடை என்று விளக்கிச் சொல்லுங்கள். என் அம்மா மூன்றாம் நாள் சொம்பைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார்.

எனக்குச் சுகர் இருக்கு, பி.பி. மாத்திரையும் போடுறேன். பரவாயில்லையா?

மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். நெடுநாள் சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால், குளிர் எப்போது வலியாக மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அளவு முடிந்ததை அறிய நான் மேலே சொன்ன அடையாளமே உங்களுக்கு இல்லை. காலில் ஆறாத புண் இருந்தாலும், நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும் இரத்த ஓட்டக் குறைவு இருந்தாலும் வேண்டவே வேண்டாம்.

குளிர்ந்த நீர் பட்டவுடன் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். கட்டுப்படாத இரத்த அழுத்தம், மாரடைப்பு வந்த வரலாறு, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவை உள்ளவர்களும், குளிரில் இழுப்பு வரும் ஆஸ்துமாக்காரர்களும், குளிர் பட்டால் உடல் தடித்துப் போகும் ஒவ்வாமை உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் எந்தத் தொட்டியிலும் தனியாக இறங்கக் கூடாது.

வீடியோல ஐஸ் தொட்டியில உட்கார்றாங்களே, அதைச் செஞ்சா சீக்கிரம் குணமாகுமா?

15 டிகிரிக்குக் குறைந்த நீரில் உடல் திடீரென்று அமிழும்போது, முதல் அரை நிமிடத்திலேயே அடக்க முடியாத பெருமூச்சு ஒன்று எழும். மூச்சும் இதயத் துடிப்பும் தாறுமாறாகும். அந்தப் பெருமூச்சின்போது முகம் நீருக்குள் இருந்தால் நீர் நுரையீரலுக்குள் போகும். தோலில் படும் குளிர் இதயத்தை விரைவுபடுத்த, முகத்தில் படும் குளிர் அதை மெதுவாக்க, இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டுத் துடிப்பு ஒழுங்கிழக்கவும் கூடும். இவையெல்லாம் நலமுள்ள இளைஞருக்கே நேரக்கூடியவை. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்தவர் இதில் இறங்குவதை நான் மடமை என்றே சொல்வேன்.

முதல் வாரம் நல்லா இருந்துச்சு, ரெண்டாவது வாரம் படுத்த படுக்கையாயிட்டேன். 'நோய் வெளியேறுது, விடாம செய்யுங்க'ங்கிறாங்க. செய்யட்டுமா?

நிறுத்துங்கள். எனக்கு வந்த கேள்விகளில் மிகவும் கவலைதருவது இதுதான். பழைய நீர் சிகிச்சையாளர்கள், குணமாகும் முன் நோய் ஒரு முறை முற்றி, கொப்புளமாகவோ காய்ச்சலாகவோ வெளியேறும் என்று நம்பினார்கள். சார்லஸ் டார்வின் 1849-இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் ஊரில் நீர் சிகிச்சை அளித்துவந்த டாக்டர் கல்லியிடம் சென்றபோது, அந்த மருத்துவமும் இப்படி ஒரு நெருக்கடியை எதிர்பார்த்துக் காத்திருந்தது. பல ஆண்டுகளாக வாந்தியும் படபடப்பும் சோர்வுமாகக் கிடந்த டார்வினுக்கு அங்கே உண்மையிலேயே உடல் தேறியது. நெடுந்தூரம் நடந்தார், எடை கூடினார். ஊர் திரும்பி, தோட்டத்தில் ஒரு குடிலமைத்து மேலிருந்து குளிர்ந்த நீர் கொட்டும்படி செய்து தொடர்ந்தார். ஆனால் நோய் திரும்ப வந்தது. வேறு வேறு நீர் சிகிச்சை நிலையங்களுக்குப் போனார். ஒவ்வொரு முறையும் சற்றுத் தேறி, மறுபடியும் விழுந்தார். அவருடைய நோய் என்ன என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. மால்வெர்னில் கிடைத்த வேலையற்ற ஓய்வும் எளிய உணவும் நடையும் எவ்வளவு, நீர் எவ்வளவு என்பதையும் யாராலும் பிரித்துக் காட்ட முடியவில்லை.

வைரஸ் நோய்களுக்குப் பின் சோர்வு நீடிக்கும் பலருக்கு, சக்திக்கு மீறிய எந்தச் செயலும், அது மனத்தின் உழைப்பாகவே இருந்தாலும், ஒன்று இரண்டு நாள் கழித்துப் பெரும் சரிவைக் கொண்டுவருகிறது. குளிரைத் தாங்குவதும் உடலுக்கு ஓர் உழைப்புதான். செய்த அன்று உற்சாகமாகவும் மறுநாளோ மூன்றாம் நாளோ எழ முடியாமலும் இருந்தால், அது நோய் வெளியேறும் அடையாளம் அன்று. செலவு வரவை மிஞ்சியதன் அடையாளம். ஆகவே செய்த நாளின் குறிப்பை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், அடுத்த மூன்று நாட்களையும் எழுதி வையுங்கள். இப்படிச் சரிவு வருபவர்களுக்கு நான் மேலே சொன்ன வாரக் கணக்கு பொருந்தாது.

எட்டு வயசுப் பையன், அடிக்கடி சளி, உடம்பு தேறவே மாட்டேங்குது. அவனுக்கும் கொடுக்கலாமா?

குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிறுவர்களின் உடல், எடையோடு ஒப்பிட்டால் அதிகத் தோல்பரப்பு உடையது. பெரியவர்களைவிட விரைவாகச் சூட்டை இழக்கும். டார்வின் தனக்குப் பலித்த நம்பிக்கையில் பத்து வயது மகள் ஆனியை 1851-இல் அதே மால்வெர்னுக்கு அழைத்துச் சென்றார். அவள் அந்த ஏப்ரலில் அங்கேயே இறந்தாள். நீர்தான் கொன்றது என்று சொல்வதற்கில்லை. காசநோயாக இருக்கலாம் என்பது ஒரு கணிப்பு. தனக்கு ஒத்துக்கொண்டது தன் பிள்ளைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணுவதற்கு எந்தத் தகப்பனும் விலக்கில்லை.

பிசியோதெரபி பயிற்சி முடிச்ச உடனே குளிர்ந்த தண்ணியில இறங்கலாமா?

வலி தணிக்கவென்றால் எப்போதாவது செய்யலாம். ஆனால் படுக்கையில் கிடந்து மெலிந்த தசையை மீண்டும் வளர்ப்பதற்காகப் பளு தூக்கும் பயிற்சி செய்கிறீர்களென்றால் உடனே இறங்க வேண்டாம். 2015-இல் வெளியான 12 வார ஆய்வில், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் அமர்ந்தவர்களுக்குத் தசையும் வலிமையும் குறைவாகவே கூடின. பயிற்சி காலையில் என்றால் நீரை மாலைக்குத் தள்ளுங்கள்.

குற்றாலத்துல ஒரு வாரம் குளிச்சா போதாதா?

மனத்துக்குப் போதும். அருவியில் விழும் நீரின் விசை தோளையும் முதுகையும் பிடித்துவிடுவது போல இருக்கும்; சாரலும் ஊர் மாற்றமும் சேர்ந்து நன்றாகத் தூங்கவைக்கும். ஆனால் அங்கே அளவு உங்கள் கையில் இல்லை: தலையில்தான் முதலில் விழுகிறது, கூட்டத்தில் விரும்பிய நேரத்தில் விலக முடியாது, ஈர உடையோடு நெடுநேரம் நிற்க நேரும். தேறியவர் போகலாம், தேறிக்கொண்டிருப்பவர் பொறுத்திருக்கலாம்.

பலன் இல்லைன்னு எப்போ முடிவு பண்றது?

நான் ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டேன். நாள்தோறும் நான்கு செய்திகளை ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதினேன்: நீரின் வெப்பம், சூடு திரும்ப எடுத்த நிமிடங்கள், இரவு தூங்கிய நேரம், மறுநாள் காலை வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது தூக்கம் ஒரு மணி நேரம் கூடியிருந்தது. முழங்கால் வலி ஏழிலிருந்து நான்குக்கு இறங்கியிருந்தது. அது நீரால் இறங்கியதா, நாளானதால் தானே இறங்கியதா என்பதை ஒரே ஆளின் நாட்குறிப்பு சொல்லாது.

மணிக்கட்டு வலி மட்டும் தொடங்கிய எட்டிலேயே நின்றது. மேலும் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள் சிலர். நான் பொறுக்காமல் மூட்டு நோய் மருத்துவரிடம் போனேன். அவர் மாற்றிக் கொடுத்த மருந்தில்தான் அது குறைந்தது. காலுக்கு நீர் வார்ப்பதை மட்டும், தூக்கத்துக்காக, இப்போதும் இரவு எட்டரை மணிக்குச் செய்துவருகிறேன்.